ஒன்பதாம் பகுதிக்குப் போன ஸ்டோர்க்காரர்

எங்கள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், குழாய்கள் ஓடும் கூரைக்கு அடியில், எதிரும் புதிருமாக இரண்டு அறைகள் உண்டு. ஒன்று துணிப்பிரிவு. படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் எண்ணி அனுப்பிக்கொண்டு அதில் நான் இருந்தேன். மற்றது ஸ்டோர். அதில் அவர் இருந்தார். முகத்துக்கு நேரே எல்லோரும் ஸ்டோர் சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஸ்டோர்க்காரர். இரண்டுக்கும் மரியாதையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இருபத்தாறு வருடங்களில் அவர் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. பஞ்சு கேட்டால் பஞ்சு வரும், கத்தரி கேட்டால் கத்தரி வரும். ஒருமுறை பல் டாக்டர் வம்புக்கென்றே "குதிரை லாடம் நான்கு" என்று சீட்டு எழுதி அனுப்பினார். ஸ்டோர்க்காரர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் "என்ன அளவு?" என்று எழுதி அனுப்பினார். பல் டாக்டர் அதற்குப் பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டார்.

அவருடைய மேசைக்கு மேலே கூரையை ஒட்டி ஒரு கம்பி ஜன்னல். அது வாகனம் நிறுத்துமிடத்தின் தரைமட்டத்தில் திறக்கும். அதனால் உலகத்தை அவர் முழங்காலுக்குக் கீழேதான் பார்த்து வந்தார். யார் வேலைக்கு வந்துவிட்டார்கள், யார் கோபமாக இருக்கிறார்கள் என்று செருப்பை வைத்தே சொல்லிவிடுவார்.

ஒரு நாள் காலை அந்த ஜன்னலில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. அப்படியொரு பூட்ஸை நாங்கள் பார்த்ததில்லை. கணுக்கால்வரை காய்ந்த சேறு, கயிற்றில் ஒட்டிய புல்விதை, ஒரு பக்கம் நசுங்கிய இலை. ஸ்டோர்க்காரர் ஸ்டூலில் ஏறி நின்று கம்பி வழியாகக் கேட்டார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கு. ஆளே போகாத இடம்," என்றது மேலே இருந்து ஒரு குரல். "கை பிசகிடுச்சு. எக்ஸ்ரே எடுக்க வந்தேன்."

"அங்க என்ன இருக்கு?"

பூட்ஸ் கொஞ்சம் யோசித்தது. "ஒண்ணும் இல்லைங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. "ஒண்ணும் இல்லையாம்," என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஏதோ அரிதான மருந்தின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார்.

அவர் மனைவி மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் மூன்று வரியில் நிரூபித்துவிட்டுக் கையைத் தட்டிச் சுண்ணாம்புத் தூசியை உதறுகிறவர். அந்த ஏரிக்குப் போய்க் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கவேண்டும் என்று கணவர் சொன்னபோது, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்: "ஒண்ணும் இல்லாததைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? என் தம்பி தலைக்குள்ள எட்டிப் பார்த்தா போதாதா?"

தம்பி அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருடமாக ஒரே தடத்தில் ஓட்டுகிறவர். "நானும் வர்றேன் மாமா," என்றார் உடனே. "வளைவே இல்லாத ரூட்டுல ஓட்டி ஓட்டிக் கழுத்து பிடிச்சுக்கிச்சு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது.

முதல் நாள் ஸ்டோர்க்காரர் போட்ட பட்டியலில் பத்தொன்பது பொருள்கள் இருந்தன. மாதக் கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டு. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. டார்ச் எடுத்தால் பேட்டரி வேண்டும். பேட்டரி நனையாமலிருக்க டப்பா வேண்டும். டப்பா மூடி இறுகிக்கொண்டால் திறக்க ஸ்குரூ டிரைவர் வேண்டும். அது கையைக் கிழித்தால் கட்டுத்துணி. கட்டுப்போட ஒரு கை போதாது என்பதால் கூடவே ஒரு ஆள். எல்லாவற்றையும் பிரசவ வார்டில் கழித்துக்கட்டிய பழைய தராசில் எடை போட்டார். பச்சைக் குழந்தைகளை நிறுக்கும் தராசு அது. தட்டில் முயல் படம் போட்டிருக்கும். அதில் மண்வெட்டியைப் படுக்கவைத்துவிட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

மொத்தம் இருநூற்றுப் பதினாலு கிலோ வந்தது.

"தூக்கறதுக்கு ஆள் சேர்த்துக்கலாம்," என்றார் மனைவியிடம்.

டீச்சர் சமையலறைக் கதவின் பின்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் கணக்குப் போட்டார். "ஒரு ஆள் எவ்வளவு தூக்குவான்?"

"பதினஞ்சு கிலோ."

"அந்த ஆளுக்கே உங்க பட்டியல்படி சாப்பாடு, படுக்கை, மாத்துத்துணி, மருந்து எல்லாம் சேர்த்து?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "பதினாறு."

"அப்ப ஒரு ஆளைச் சேர்த்தா ஒரு கிலோ பாரம் கூடுது. ஊரையே கூட்டிக்கிட்டு வந்தாலும் நீங்க வாசலைத் தாண்ட முடியாது."

"ஆளைக் குறைச்சா?"

"குறைக்கக் குறைக்க லேசாகும். யாருமே போகலைன்னா சுத்தமா பாரமே இல்லை." டீச்சர் கையைத் தட்டினார்.

மறுநாள் ஸ்டோர்க்காரர் இதை என்னிடம் சொன்னபோது கண் கலங்கிவிட்டார். கணக்கு சரி என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பிறகு டீச்சரே மனமிரங்கி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து மூன்று மாலைகள் பட்டியலை அடித்தார். தீப்பெட்டி பதினெட்டு என்பதை மூன்றாக்கினார். நகவெட்டி நான்கு எதற்கு என்று கேட்டதற்கு, "ஆளுக்கு இருபது நகம்," என்றார் கணவர். அதையும் அடித்தார். கடைசியில் நான்கு பைகளுக்குள் அடங்கும் அளவுக்கு வந்தது. நான்காவதை யார் சுமப்பது என்று மட்டும் முடிவாகவில்லை. ஒவ்வொரு பைக்குள்ளும் பல சிறு மூட்டைகள். எல்லாவற்றிலும் ஸ்டோர் வழக்கப்படி ஒரு எழுத்தும் எண்ணும் எழுதி ஒட்டினார். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பது பதிவேட்டில் இருந்தது.

அடுத்தது பயிற்சி. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒன்பது மாடி. தினமும் மாலை ஆறு மணிக்கு மூவரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு படியேறி இறங்குவார்கள். தம்பி ஒவ்வொரு மாடியிலும் நின்று, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்து, அரை நிமிடம் கழித்துத்தான் நகர்வார்.

"ஏண்டா நிக்கிற?" என்று டீச்சர் கேட்டார்.

"யாராவது ஓடி வந்தாங்கன்னா பாவம் இல்லையாக்கா?"

ஐந்தாம் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் இவர்கள் மூச்சு வாங்க ஏறுவதைப் பார்த்து, லிஃப்ட் ஓடவில்லை என்று முடிவுசெய்து கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டார். மெக்கானிக் வந்து பார்த்தார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. நன்றாக ஓடும் லிஃப்டுக்கு எதற்குப் புகார் வந்தது என்று கண்டுபிடிக்க அதை முழுக்கக் கழற்றிப்போட்டார். எட்டு நாள் மொத்தக் கட்டடமும் படியேறியது. ஏழாம் மாடித் தையல்காரர் வழியில் ஸ்டோர்க்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "லிஃப்ட் ரிப்பேர் ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு சார்," என்றாராம்.

பிறகு அனுமதி. ஏரி இருந்த இடத்துக்கு வனத்துறைக் காகிதங்களில் ஒன்பதாம் பகுதி என்று பெயர். வனத்துறை அலுவலகத்தின் மாடியில், காற்றாடி இல்லாத மூலையில், அனுமதிப் பிரிவு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் பகுதிக்கு விண்ணப்பம் கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒம்பது வருஷம் ஆச்சு சார், ஒருத்தர் கேட்டு."

படிவம் கிடைக்க ஒரு வாரம் ஆனது. "நோக்கம்" என்ற இடத்தில் ஸ்டோர்க்காரர் "ஒன்றுமில்லாத இடத்தைப் பார்ப்பது" என்று எழுதியிருந்தார். எழுத்தர் பேனாவால் தலையைச் சொறிந்தார்.

"இதை மாத்தணும் சார். ஒண்ணும் இல்லைன்னு ஆபீஸ் ஒத்துக்க முடியாது. இங்க அதுக்குன்னு ஒரு ஃபைல் இருக்கு."

"ஃபைல்ல என்ன இருக்கு?"

எழுத்தர் தூசி தட்டித் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு "நோக்கம்: ஓய்வு" என்று திருத்தினார்கள்.

"கூட யாரெல்லாம் வர்றாங்க?"

"என் மனைவி, மச்சான்."

"அவங்களுக்குத் தனியா இடம் இல்லை. 'விண்ணப்பதாரரின் உடைமைகள்'னு கீழ ஒரு கட்டம் இருக்கு, அதுல எழுதுங்க." டீச்சருக்கு இன்றுவரை இது தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டுபடும்.

"நீங்க திரும்பி வரலைன்னா யாருக்குத் தகவல் சொல்றது? கூட வராத ஆளா இருக்கணும்."

அப்படி ஒருவர் அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. மருத்துவமனை நிர்வாக அதிகாரி என்று எழுதினார்.

கடைசியில் ஒரு சிக்கல். ஒன்பதாம் பகுதிக்குப் போகிறவர்களோடு துறை அதிகாரி ஒருவர் கட்டாயம் போகவேண்டும். அந்தப் பதவியிலிருந்தவர் ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது பொறுப்பில் யார் என்று பார்த்தால், அந்த எழுத்தரேதான். அவர் தனக்கே ஒரு கடிதம் எழுதி, அடுத்த மேசைக்குப் போய் உட்கார்ந்து அதைப் படித்து, அனுமதித்து, தன் வட்ட முத்திரையைக் குத்தி, திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் முகம் வெளுத்தது.

"சார், நான் பார்க்குக்குக்கூட அதிகமாப் போனது கிடையாது. அங்க எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

கிளம்பும் நாளன்று எழுத்தர் ஒரு குடை, ஒரு துணிப்பை, பைக்குள் முத்திரை, மைப்பெட்டி, மாற்றுச் சட்டை, இவற்றோடு வந்து நின்றார். தனக்காக ஒதுக்கிய நான்காவது பையையும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். வாசலில் டீச்சர் ஒவ்வொரு பையையும் கடைசியாக ஒருமுறை தூக்கிப் பார்த்தார். கணவரின் பை கொஞ்சம் கனத்தது. உள்ளே கையைவிட்டுத் தடியான ஒரு புத்தகத்தை எடுத்து, செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

முதல் நாள் மதியம்வரை பயணம் நன்றாகவே போனது. கடைசி ஊர்வரை பேருந்து. அதில் தம்பி பயணியாக உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பிறகு நடை. மரங்கள் நெருங்கி, பாதை மெலிந்து, ஓரிடத்தில் காணாமலே போனது. அப்போது மழை பிடித்துக்கொண்டது.

"கூடாரம் எதுல இருக்கு?" என்று கத்தினார் டீச்சர்.

ஸ்டோர்க்காரர் பைகளைத் திறந்தார். ச-7, ம-12, த-3, ம-4. ஒரே மாதிரி நாற்பத்தாறு மூட்டைகள், ஒரே மாதிரி நீல உறை. "பதிவேட்டை எடு."

டீச்சருக்கு வீட்டுச் செருப்பு அலமாரி ஞாபகம் வந்தது.

ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கட்டுத்துணி நனைந்தது. சர்க்கரை நனைந்தது. நனையாமலிருக்க வைத்த டப்பாவுக்குள் வேறு டப்பா இருந்தது. தம்பிக்கு ஊசியும் நூலும் கிடைத்தன. எழுத்தர் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவருக்கு நிழல் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டு நின்றார். நாற்பத்து நான்காவது மூட்டையில் கூடாரம் இருந்தது. அதைப் பிரித்து நிறுத்தியபோது மழை விட்டு வெயில் அடித்தது. ஸ்டோர்க்காரர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "இருக்கு. ஆனா எங்க இருக்குன்னு தெரியலை," என்றார். தன் வாழ்நாளில் அப்படிச் சொல்லவேண்டி வரும் என்று அவர் நினைத்ததில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தம்பியும் சிரித்தார். எழுத்தர், சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் பகல் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர், கல், புல், வானம். ஒரு பலகை இல்லை, ஒரு பெஞ்சு இல்லை. ஸ்டோர்க்காரர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. அலமாரி இல்லாத இடத்தை அத்தனை நேரம் அவர் பார்த்ததில்லை. யாரும் வந்து எதையும் கேட்காத பகல் ஒன்று இருக்கக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டேயிருந்தார் என்று டீச்சர் என்னிடம் சொன்னார். "கல்யாணத்தப்பகூட அப்படிப் பார்க்கலை," என்றார்.

கிளம்பவேண்டிய நாளில் எழுத்தர் வரவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார், நேரமாச்சு," என்றார் தம்பி.

"நீங்க போங்க. நான் பொறுப்புல இருக்கேன்."

"எதுக்குப் பொறுப்பு?"

"இதுக்குத்தான்," என்று கையால் ஏரியைச் சுற்றிக் காட்டினார். எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. மிச்சமிருந்த சாப்பாட்டை எல்லாம் அவரிடம் விட்டுவிட்டு மூவரும் திரும்பினார்கள். ஸ்டோர்க்காரர் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் வேலைக்கு வந்தார். எனக்கு ஒரு கூழாங்கல் கொண்டுவந்து கொடுத்தார்.

பதினைந்து நாள் கழித்து வனத்துறையிலிருந்து நிர்வாக அதிகாரிக்குக் கடிதம் வந்தது. 'தங்கள் ஊழியர் ஒன்பதாம் பகுதியிலிருந்து இதுவரை வெளியேறவில்லை.' திரும்பி வந்ததற்கான காகிதத்தில் முத்திரை குத்தவேண்டியவர் முத்திரையோடு ஏரியில் இருந்தார் என்பதுதான் விஷயம். நிர்வாக அதிகாரி அம்மா காகிதத்தை மதிக்கிறவர். உடனே எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை போனது: 'ஸ்டோர் கீப்பரைக் காணவில்லை. பார்த்தவர்கள் தெரிவிக்கவும்.' அது ஸ்டோருக்கும் வந்தது. சுற்றறிக்கை வந்தால் எப்போதும் செய்வதுபோல் அவர் அதன் ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் படித்தார். மாடிக்கு ஓடினார்.

"நான் இங்கதான் மேடம் இருக்கேன்."

"எனக்குத் தெரியுது சார். நேத்துகூட உங்ககிட்டதானே ஸ்டேப்ளர் பின் வாங்கினேன். ஆனா நீங்க வந்ததுக்குப் பேப்பர் இருக்கா?"

அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். "இல்லை."

"அப்ப வரலை," என்றார் அம்மா, மிகுந்த வருத்தத்தோடு.

தேடுதல் குழு ஒன்று ஏற்பாடாயிற்று. ஆம்புலன்ஸ், ஒரு இளம் டாக்டர், ஒரு ஸ்டிரெச்சர். தேவையான பொருள்களுக்கு ஸ்டோருக்குச் சீட்டு வந்தது. 'காணாமற்போனவருக்குப் போர்வை: இரண்டு.' போர்வை என் பிரிவு என்பதால் அவரே வந்து வாங்கினார். "மூணாக் குடுங்க," என்றார் என்னிடம். "பாவம், எந்த நிலைமையில இருக்காரோ." விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காணாமற்போனவரை நேரில் அடையாளம் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கவேண்டும் என்று விதி. டீச்சருக்குப் பள்ளியில் தேர்வு. ஆகவே ஸ்டோர்க்காரரையே அனுப்பினார்கள். இந்த முறை ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, அவ்வளவுதான் எடுத்துக்கொண்டார். டாக்டர் வழியெல்லாம் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார். முதல் சில தடவை இவர் "என்ன டாக்டர்?" என்றார். பிறகு விட்டுவிட்டார்.

ஏரிக்கரையில் எழுத்தர் கருத்து மெலிந்து, தாடியோடு, சட்டையைப் புதரில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"யாரைத் தேடுறீங்க?"

"இவரை," என்றார் டாக்டர்.

"கிடைச்சுட்டாரா?"

"கிடைச்சுட்டார்."

எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்தார். காய்ந்து கிடந்தது. நாலு சொட்டு ஏரித்தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு பாறை மேல் காகிதத்தை வைத்து, முத்திரை குத்தி, அன்றைய தேதியைப் போட்டார். அவர் நேர்மையான மனிதர். பழைய தேதி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிறகு காலணிகளைக் கையில் தூக்கிக்கொண்டு அவர்களோடு திரும்பி நடந்தார்.

தேதிப்படி எங்கள் ஸ்டோர்க்காரர் முப்பத்தொரு நாள் காட்டில் தனியே உயிர் பிழைத்திருந்தார். அப்படிப்பட்ட ஊழியரைப் பாராட்டாமல் விடுவதா? கூட்ட அரங்கில் விழா வைத்தார்கள். பல் டாக்டர் வரவேற்புரை. நிர்வாக அதிகாரி அம்மா பூங்கொத்து கொடுத்தார். அந்த முப்பத்தொரு நாளில் இருபது நாளாவது அவரிடம் பஞ்சும் கையுறையும் வாங்கிப்போன அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். நானும்தான்.

அவரைப் பேசச் சொன்னார்கள். மைக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார். "மறுபடி போகணும்."

அரங்கம் உருகிவிட்டது. பிறகு டீச்சரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இத்தனை நாள் அவர் இல்லாமல் எப்படி அம்மா சமாளித்தீர்கள் என்று கேட்டார் பல் டாக்டர்.

டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. "அவர் வீட்லயேதான் இருந்தார்," என்றார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ்கள் அழுதுவிட்டார்கள்.